பதினாறாவது கழி

ஐயாசாமியின் பிறந்த நாள் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. அரசாங்கப் பிறப்புப் பதிவேட்டில் 1910 ஜூன் 9. கோயில் குறிப்பில் அதற்கு மூன்று நாள் முந்திய தேதி. கரும்புத் தோட்டத்து முகாமிலிருந்து பதிவு அலுவலகம் வரை நடந்து போய்வர அவருடைய தகப்பனாருக்கு மூன்று நாள் கழித்துத்தான் விடுப்புக் கிடைத்தது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அந்த மூன்று நாளால் வாழ்நாளில் அவருக்கு லாபமும் வரவில்லை, நட்டமும் வரவில்லை. ஆனால் 1955 மார்ச் மாதத்தில், நாற்பத்தைந்து வயது முடிய இன்னும் எத்தனை நாள் என்று அவர் விரல்விட்டு எண்ணியபோது அவற்றையும் சேர்த்தே எண்ணினார்.

போர்ட் லூயி நகரத்துச் சாக்கடைக் குழாய்களின் அடைப்பெடுக்கும் குழுவில் 1938 முதல் அவர் நாள்கூலி. பதினேழு வருடம். காலையில் பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. நிரந்தரப் பட்டியலில் ஏறியவனுக்கு மட்டும் நோயில் விடுப்பும் முதுமையில் ஓய்வூதியமும் உண்டு. நாற்பத்தைந்து முடிந்தவனை அந்தப் பட்டியலில் ஏற்றுவதில்லை. அந்த மார்ச்சில் ஓர் இடம் காலியாயிற்று. ஓவர்சியர் ஆல்பெர் ஒரு பெயரைச் சனிக்கிழமை பொறியாளரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். அடுத்த இடம் ஒரு வருடம் கழித்து வந்தாலும் ஐயாசாமிக்கு வயது தாண்டியிருக்கும். ஆகவே அவருக்கு இருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

அவர் மனைவி தெய்வானைக்கும் இது மனப்பாடம். வியாழக்கிழமை காலை சோற்றுத் தூக்கை நீட்டும்போது அவள் சொன்னாள்:

"இன்னும் ரெண்டு நாள் வாயைத் திறக்காதீங்க. சூரியன் மேற்குல உதிக்குதுன்னு மிஸ்யே ஆல்பெர் சொன்னாலும் தலையை ஆட்டிட்டு வாங்க. ஒருக்கா வாயைத் திறந்து முகாமை விட்டு வந்தது போதும்."

"நான் எங்கே பேசறேன்?"

"பேசமாட்டீங்கதான். பத்து வருஷத்துக்கு ஒருக்கா பேசுவீங்க, அதையும் நாள் பார்த்து ஆகாத நாள்ல பேசுவீங்க."

முகாமை விட்டு வந்தது என்று அவள் குறிப்பிட்டது 1937ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ரிவியேர் டு ராம்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். தீவெங்கும் தோட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில், வேலையை அளந்து கொடுக்கும் சிர்தாரை எதிர்த்து நின்று, அளவு பொய் என்று சொன்னார்; மறுநாளே முகாமை விட்டு விரட்டப்பட்டார். குடும்பத்தில் வழங்கிவந்த வரலாறு இவ்வளவுதான். இதனால் மைத்துனர்கள் நடுவில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. இதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் மீதிப் பாதியை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று அடைப்பு துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு குறுகிய தெருவில். சர்க்கரை ஆலைகளின் உருளைகளையும் பற்சக்கரங்களையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று அங்கே தெருவின் இரண்டு பக்கத்திலும் இருந்தது. ஒரு பக்கத்துக் கொட்டகையில் கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு வாயு எடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த வாயுவை எரித்து இரும்பை ஒட்டவைத்தார்கள். இடையில் தெருவுக்கு அடியில் ஓர் அங்குல இரும்புக் குழாய் போனது. வரைபடத்தின்படி அதற்கும் கீழே, ஒன்பது அங்குலச் சுட்டமண் குழாயில், தெருவின் கழிவெல்லாம் ஓடவேண்டும். ஓடவில்லை. ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக மேன்ஹோல் நிரம்பி, கறுத்த நீர் நடைபாதை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நான்கு அடி நீளப் பிரம்புக் கழிகள்; இரு முனையிலும் பித்தளைத் திருகு. ஒன்றோடொன்று முடுக்கி, மேன்ஹோலில் இறங்கி நிற்பவர் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே போகவேண்டும். உள்ளே நிற்பது ஐயாசாமி. மேலிருந்து கழி எடுத்துக் கொடுப்பது ரேமோன். அவன் கிரியோல்காரன், முப்பத்தெட்டு வயது, ஒன்பது வருடக் கூட்டாளி. காலியான இடத்துக்கு அடுத்தபடியாக அடிபட்ட பெயர் அவனுடையது. அதைப்பற்றி இருவரும் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை.

"பதினாலு," என்றான் ரேமோன். "பதினஞ்சு. கமராத், இங்கிருந்து தள்ளிட்டே போனா ரெயூனியன் தீவுல போய் வெளியே வருமா?"

"வந்தா உன்னைத்தான் அந்த முனையைப் பிடிக்க அனுப்புவேன்."

"போறேன். அங்கேயாவது நிரந்தரம் பண்ணுவாங்களான்னு கேக்கறேன்." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "பதினாறு," என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பதினாறாவது கழி முழுதும் உள்ளே போனதும் முனை முட்டியது.

எண்ணெய்க் கசடு கழியை மெல்ல விழுங்கும். மரவேர், தலைமுடியைப் பிடித்து இழுப்பதுபோல இழுபட்டுத் திரும்பும். உடைந்த குழாய்ச் சில்லு உராயும். இது இவற்றில் ஒன்றுமில்லை. அறுபத்து நாலு அடி தூரத்திலிருந்து ஒரு கூச்சம் பிரம்பு வழியே ஓடிவந்து அவர் உள்ளங்கையில் நின்றது. இன்னொரு முறை மெல்லத் தொட்டார். அதே கூச்சம். இரும்பு.

"யாரோ பூண்டு வதக்கறாங்க," என்றான் ரேமோன், மூக்கைச் சுளித்து.

ஐயாசாமி தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தத் தெருவில் வீடே இல்லை. பூண்டு வாடை அவர் நின்ற குழிக்குள் இருந்து வந்தது. கார்பைடு வாயுவுக்கு அந்த வாடைதான்.

அவர் மேலே ஏறி வந்து, ரேமோன் காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரேமோனுக்குக் காரணம் புரிந்தது. அவர்களோடு முன்பு வேலைசெய்த சின்னன் என்பவன் 1949இல் வேறொரு தெருவில் அரிக்கேன் விளக்கோடு மேன்ஹோலில் எட்டிப் பார்த்தவன். உயிர் பிழைத்தான். புருவம் மட்டும் பிறகு முளைக்கவேயில்லை.

ஓவர்சியர் ஆல்பெர் குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், நடந்தால் மூச்சு வாங்கும், கெட்டவர் அல்லர். நகரசபை வரைபடத்தின் நகலைத் தள்ளுவண்டி மேல் விரித்தார்.

"எங்கே நிக்குது?"

"பதினாறாவது கழியில, மிஸ்யே. அறுபத்து நாலு அடி."

"வாயுக் குழாய் குறுக்கே போறது அறுபதுல." அவர் விரல் சிவப்புக் கோட்டைத் தொட்டது. "அறுபதுல ஏதாவது தட்டிச்சா?"

"இல்லே."

"அப்போ அது சாக்கடைக்கு மேலே எங்கேயோ போகுது. அதைத் தாண்டி நாலு அடி போயிட்டே. அங்கே இருக்கறது வேர். வெட்டுமுனையைப் போட்டுத் திருகு. பத்து மணிக்குள்ள தண்ணி ஓடணும்."

வெட்டுமுனை என்பது முன்பக்கம் கூராக்கிய எஃகுத் திருகு. ரேமோன் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தான். கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

இரண்டு நாள், என்று ஐயாசாமி நினைத்தார். தலையாட்டிவிட்டு இறங்கலாம். இறங்கித் திருகலாம். கை சொல்வது பொய்யாகவும் இருக்கலாம். இந்தக் கை பொய் சொல்லி ஒருமுறை ஊரே சிரித்திருக்கிறது.

"மாட்டேன், மிஸ்யே," என்றார்.

ஆல்பெருக்குக் கோபத்தைவிட வியப்பே அதிகமாக இருந்தது. "சனிக்கிழமை யார் பேரை எழுதப்போறேன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் மாட்டேங்கறே."

"அது இரும்பு. பட்டறையில வாயுவை நிறுத்தச் சொல்லுங்க. அவங்க குழாய்க் காகிதத்தை நான் பாக்கணும்."

பட்டறையின் பண்டகசாலைக் காப்பாளர் லூயி பேச்சுக் குரல் கேட்டு வாசலுக்கு வந்திருந்தார். தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியவர். "நிறுத்தறதா?" என்றார். "ஜூன்ல கரும்பு வெட்டு ஆரம்பிக்குது. மூணு ஆலை உருளை உள்ளே கிடக்கு. உங்க வரைபடம் குழாய் அங்கே இல்லேங்குது, உங்க ஆள் இருக்குங்கறான். முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போங்க." ஆனாலும் உள்ளே போய்ப் பழைய காகிதமொன்றை எடுத்துவந்தார். குழாயை 1931இல் போட்டபோது தோட்டத்து நில அளவைக்காரர் ஒருவர் வரைந்தது அது. மூலை மேன்ஹோலிலிருந்து குழாய் வரை ஒரு கோடு; கோட்டின் மேல் 6 என்ற எண்; பக்கத்தில் கோலெட் என்ற தோட்டத்து நீள அளவுக்கு அடையாளமாக ஓர் எழுத்து.

"வாலா, பாத்தியா!" என்றார் ஆல்பெர். "ஆறு கோலெட். ஒரு கோலெட் பத்து அடி. அறுபது. இதைப் பாத்துத்தான் நானே நகல் எடுத்தேன், கையெழுத்தும் போட்டேன்."

ஐயாசாமி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு காலிலிருந்து மேலே ஏறியது. பதினெட்டு வருடம் மூடி வைத்திருந்ததைத் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"பத்து அடிதான், மிஸ்யே. ஆனா உங்க அளவு நாடாவுல இருக்கற அடி இல்லே."

"என்ன உளறறே?"

"நான் கரும்பு வெட்டினவன். ஒரு நாள் வேலையைக் கோலெட் கழியால அளந்துதான் குடுப்பாங்க. முப்பத்தேழுல, கலகத்தப்போ, ரோட்டு வேலைக்காரன்கிட்ட ஓர் இங்கிலீஷ் நாடா இரவல் வாங்கிச் சிர்தாரோட கழியைத் திருட்டுத்தனமா அளந்தேன். பத்து அடி எட்டு அங்குலம் இருந்தது. அகப்பட்டான் திருடன்னு நெனச்சேன். இருநூறு பேர் நடுவுல, எட்டு அங்குலம் திருடறான்னு கத்தினேன். ஜனங்க கழியைப் பிடுங்கி ஒடிச்சாங்க."

ரேமோன் வெட்டுமுனையைக் கீழே வைத்தான்.

"தோட்டத்துக் கணக்கர் வெளியே வந்து சிரிச்சார். கோலெட் பழைய பிரெஞ்சு அடியில பத்தாம். பிரெஞ்சு அடி நம்ம இங்கிலீஷ் அடியைவிட முக்கால் அங்குலத்துக்கு மேலே நீளமாம். வெள்ளைக்காரன் முதல்முதல் கரும்பு நட்ட நாள்லேர்ந்து கழி அப்படித்தானாம். சிர்தார் ஒண்ணும் திருடலே. என் பேச்சைக் கேட்டுக் கூடின ஜனங்களும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. எட்டு அங்குலம்னு பேர் வெச்சாங்க. முகாமை விட்டு விரட்டினது சிர்தார்னு வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்கேன். சிரிப்பு தாங்காம நானாத்தான் கிளம்பிட்டேன்."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. ஆல்பெர் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். ஆறு எட்டு நாற்பத்தெட்டு அங்குலம். நான்கு அடி.

"அறுபத்து நாலு," என்றார், தமக்குத்தாமே.

"அவன் சொல்றது சரி," என்றார் லூயி. "என் தகப்பன் நில அளவைக்காரருக்குச் சங்கிலி பிடிச்சவர். அந்த அடி இந்த அடி இல்லே." அவர் திரும்பி, வயதுக்கு ஒவ்வாத வேகத்தில் கொட்டகைக்குள் போனார். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்துப் பட்டறையில் நீலச் சுடர்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி அணைந்தன.

தோண்டினார்கள். மேலே கருங்கல் சில்லும் கெட்டிமண்ணும். வியாழன் முழுதும் அதிலேயே போயிற்று. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு அடிக்கு ஐயாசாமி யாரையும் கடப்பாரை தொடவிடவில்லை. மண்டியிட்டுக் கையாலும் ஒரு மரத் துண்டாலும் மண்ணை வழித்தார். மத்தியானத்துக்குமேல் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. 1931இல் குழாய் போட்டவர்கள் சாக்கடைக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சுட்டமண் குழாயின் தோளை உடைத்து, ஒரு பக்கம் நுழைத்து மறு பக்கம் எடுத்து, சிமெண்டு பூசி மூடியிருந்தார்கள். சாக்கடைக்குள் குறுக்கே நின்ற அந்த இரும்பில் கந்தலும் சாக்கு நாரும் தலைமுடியும் சிக்கித் தாடிபோலத் தொங்கின. முந்திய இரண்டு அடைப்பிலும் வேறு கூட்டத்தாரின் கழிமுனைகள் தேய்த்த இடத்தில் இரும்பு பளபளத்தது. பள்ளம் பாதிக் கனத்துக்கு இறங்கியிருந்தது. அதன் நடுவில் துரு தின்று ஊசிமுனை அளவு ஓட்டை.

ஆல்பெர் குழி விளிம்பில் குந்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு ரேமோனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஐயாசாமி, கேளு. ரெண்டு மணி நேர வேலை ரெண்டு நாள் ஆயிருக்கு. நான் காரணம் எழுதணும். மண் கெட்டின்னு எழுதறேன். உன் பேரை மேலே போடறேன். முடிஞ்சது."

"வரைபடம்?"

"வரைபடம் இருக்கட்டும். ஓட்டையை இன்னிக்கே அடைச்சுடுவாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசத்துல குழாயையே மாத்திடுவாங்க."

"மாத்தறதுக்குள்ள மழை வந்தா? இந்தத் தாடி திரும்ப முளைக்கும். அப்போ வர்ற கூட்டம் அறுபதுன்னு படிச்சுட்டு அறுபத்து நாலுல வெட்டுமுனையைத் திருகும்."

"நீதான் இருப்பியே."

"எல்லா மழைக்கும் நானே இங்கே வந்து நிக்கமுடியுமா, மிஸ்யே?" அவர் குரலில் வாதாடும் வேகம் இல்லை. மண்டியிட்ட கால் மரத்துப்போயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "அறுபத்து நாலுன்னு எழுதுங்க."

"எழுதினா நகல் எடுத்தவன் யாருன்னு கேப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் பாக்கி. முதல் நாளே ஏன் வேலை நின்னதுன்னு கேப்பாங்க. நீ மாட்டேன்னு சொன்னதையும் எழுதவேண்டி வரும். உத்தரவை மீறினவன் பேரைப் பட்டியல்ல போட நான் துணிஞ்சாலும் அவங்க அடிச்சுடுவாங்க. புரியுதா?"

"புரியுது."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றியா?"

ஐயாசாமிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "வீட்டுல கேட்டா வாயை மூடச் சொல்வாங்க. எழுதுங்க, மிஸ்யே."

ஆல்பெர் எழுதினார். இதை அவருக்கு நியாயமாகச் சொல்லியாகவேண்டும்: எழுதாமலே இருந்திருக்கலாம், கேட்பதற்கு ஆள் இல்லை. அன்று மாலையே அலுவலக வரைபடத்தில் அறுபதை அடித்து, சிவப்பு மையில் அறுபத்து நாலு என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமும் போட்டார். கண்டனக் கடிதம் ஒன்று அவருக்கு வந்தது. சனிக்கிழமைப் பட்டியலில் ரேமோனின் பெயர் போயிற்று.

தெய்வானைக்கு ஐயாசாமி எல்லாவற்றையும் சொன்னார். 1937இன் மீதிப் பாதியையும் சேர்த்தே சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை அடி?"

"நாலு."

"நாலு அடி," என்றாள். "பதினேழு வருஷத்தை நாலு அடிக் குழியில போட்டு மூடிட்டு வந்திருக்கீங்க." களைந்த நீரைக் கொட்டினாள். பிறகு, "எட்டு அங்குலம்னா கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. குளிக்க வெந்நீர் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை ரேமோன் அவர் எதிரில் வந்து நின்றான். கழிகளை எடுக்கவில்லை.

"உன் நாற்காலியில நான் உக்காந்துட்டேன், கமராத்."

"உக்காரு. நீ நின்னுக்கிட்டு இருந்தா எனக்கா குடுப்பாங்க? கழியை எடு."

அவர் இன்னும் பதினோரு வருடம் நாள்கூலியாகவே குழியில் இறங்கினார். 1966இல் ஒரு காலையில் பெயர் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை, அதற்குப் பிறகு அவர் போகவில்லை. நாட்டுக்குப் புதுக் கொடி ஏறிய 1968 மார்ச்சுக்கு இரண்டு மாதம் முன்பு காலமானார். இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் கூலியாள் என்று இருக்கிறது.

இடையில் 1960 பிப்ரவரிப் புயல். நகரத்துச் சாக்கடை எல்லாம் கூரைத் தகரமும் இலையும் சேறுமாக அடைத்துக்கொண்டது. பட்டறைக்காரர்கள் குழாயை மாற்றுவோம், மாற்றுவோம் என்று ஐந்து வருடம் ஓட்டிவிட்டிருந்தார்கள். அது அங்கேயே குறுக்கே நின்றது. அந்தத் தெருவுக்கு வேறொரு கூட்டத்தை அனுப்பினார்கள். அந்தத் தெருவைப் பார்த்திராத ஆட்கள்; அவர்கள் கையில் இருந்தது அலுவலக வரைபடம் மட்டும்தான். ஐயாசாமி நகரத்தின் மறுகோடியில் இடுப்பளவு சேற்றில் இருந்தார். பொழுது சாயும் நேரத்தில், இப்போது கூட்டத் தலைவனாகியிருந்த ரேமோன் சைக்கிளில் அவரைத் தேடி வந்தான்.

"பட்டறைத் தெரு திறந்தாச்சு," என்றான்.

ஐயாசாமி மேன்ஹோலிலிருந்து கையை நீட்டினார். ரேமோன் இழுத்து மேலேற்றினான். அவர் மூச்சு அடங்க நேரமாயிற்று.

"எத்தனை கழி போட்டாங்க?"

"பதினஞ்சு. அதோட நிறுத்திட்டுக் கையால தோண்டினாங்க."

"வாடை?"

"இல்லே."

"சரி," என்றார் ஐயாசாமி. நடைபாதையில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரைச் சாய்த்துக் காலைக் கழுவத் தொடங்கினார்.